மிளகு விளைந்த மண்ணில் மிளகாய்

திருநெல்வேலிச் சமையலுக்கு நெடுங்காலம் காரம் தந்தது மிளகுதான். மேற்குத் தொடர்ச்சி மலை மிளகின் தாயகம். அதன் ஓர் அங்கமான பொதிகையில்தான் தாமிரபரணி பிறக்கிறது. மிளகு, சீரகம், சுக்கு, புளி, தேங்காய், நல்லெண்ணெய், கருப்பட்டி ஆகியவையே பழைய அடுக்களையின் சரக்குகள். இன்று அதே அடுக்களையில் அன்றாடம் புழங்கும் மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, பீன்ஸ், நிலக்கடலை, முந்திரி, சீனிக்கிழங்கு ஆகிய எல்லாமே அமெரிக்கக் கண்டங்களில் தோன்றியவை. 1492க்கு முன்பு தமிழ்நாட்டில் யாரும் இவற்றைச் சுவைத்ததில்லை.

இவற்றில் பலவற்றை இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர்கள் போர்ச்சுகீசியர். 1498இல் கோழிக்கோட்டில் இறங்கிய அவர்கள், அடுத்த நாற்பது ஆண்டுகளுக்குள் முத்துக்குளித்துறைக் கடற்கரையிலும் வேரூன்றினர். 1542இல் பிரான்சிஸ் சவேரியார் இக்கரைக்கு வந்தார். தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயல் போர்ச்சுகீசியரின் முக்கிய தளங்களில் ஒன்றானது. அந்தத் தொடர்பின் தடம் சொற்களில் இன்றும் நிற்கிறது. கொய்யா, அன்னாசி, பப்பாளி ஆகிய பெயர்கள் போர்ச்சுகீசிய மொழி வழியாகத் தமிழுக்கு வந்தவை. மிளகாய்க்கு மட்டும் வெளிப்பெயர் தேவைப்படவில்லை. மிளகைப் போல் காரமான காய் என்பதால் அது மிளகாய் ஆயிற்று.

மிளகாய் மிளகை வென்றதற்குக் காரணம் சுவை மட்டுமல்ல. மிளகுக்கொடிக்கு மலையின் ஈரம் வேண்டும், படர மரம் வேண்டும், நிழல் வேண்டும். விளைந்ததும் அது வணிகச் சரக்காகிக் கப்பலேறிவிடும். மிளகாயோ வீட்டுக் கொல்லையில் விதை தூவினாலே முளைக்கும். ஆற்றுப் பாசனம் எட்டாத விளாத்திகுளம், புதூர் கரிசல் காட்டில் மழையை மட்டும் நம்பி விளையும். காயவைத்துப் பானையில் போட்டால் ஆண்டு முழுவதும் கெடாது. பணம் கொடுத்து வாங்க வேண்டியிருந்த காரம் ஏழை வீட்டுக்கும் எட்டியது இப்படித்தான். கஞ்சிக்கு மோர்மிளகாய் தொட்டுக்கொள்ளும் பழக்கம் அதன் பிறகே உருவாகியிருக்க முடியும்.

தக்காளியின் கதை வேறு. மணத்தக்காளி என்ற பெயரில் இருப்பதுபோல், தக்காளி என்னும் சொல் முன்பு இங்கேயே விளையும் சிறு பழச் செடிகளைக் குறித்தது. கடல் கடந்து வந்த பழத்தைச் சீமைத்தக்காளி என்றார்கள். பின்னர் அடைமொழி உதிர்ந்தது. புளிக்குழம்பே ஆட்சி செய்த நெல்லை வீடுகளில் தக்காளி பரவலாக நுழைந்தது இருபதாம் நூற்றாண்டில்தான். ஆங்கிலேயர் 1820களில் நீலகிரியில் பயிரிடத் தொடங்கிய உருளைக்கிழங்கு, கேரட், முட்டைக்கோஸ், பீன்ஸ் ஆகியவற்றோடு சேர்ந்து அதுவும் ‘இங்கிலீஷ் காய்’ என்ற பெயரைப் பெற்றது. உருளைக்கிழங்கும் பீன்ஸும் உண்மையில் அமெரிக்கக் காய்கள்.

இந்த வரவு எவ்வளவு ஆழமாக ஊன்றியது என்பதைச் சொதியில் காணலாம். சைவ வேளாளர் வீடுகளில் கல்யாணத்துக்கு மறுநாள், பெண்வீட்டார் மாப்பிள்ளை வீட்டாருக்கு அளிக்கும் மறுவீட்டு விருந்தின் உயிர் அது. தேங்காயைத் திருகி மூன்று பால் எடுப்பார்கள். மூன்றாம் பாலில் உருளைக்கிழங்கு, பீன்ஸ், கேரட், முருங்கைக்காய் வேகும். இஞ்சியும் பச்சைமிளகாயும் அரைத்த விழுதும், வெந்த பாசிப்பருப்பும், இரண்டாம் பாலும் சேரும். கடைசியில் கெட்டியான முதல் பாலை ஊற்றி, நுரை கட்டியதும் இறக்கிவிட வேண்டும். கொதித்தால் பால் திரிந்துவிடும். இறக்கிய பிறகே எலுமிச்சைச் சாறு. தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையல். நெல்லையின் அடையாளமாகவே கருதப்படும் இந்தக் குழம்பில் மிளகாயும் கிழங்கும் பீன்ஸும் அமெரிக்கா தந்தவை. தேங்காய்ப்பாலோடு அவை இணைந்த பக்குவம் நெல்லைக்காரர்களுடையது. அந்தப் பெருமை அவர்களுக்கே உரியது.

இனிப்பிலும் இதுவே நடந்தது. தூத்துக்குடி 1986 வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த ஊர். அங்கே ஐரோப்பியரின் பாதாம் மக்ரூன், பாதாமுக்குப் பதில் முந்திரி சேர்ந்து புதுப்பிறவி எடுத்தது. முட்டை வெள்ளைக்கருவை நுரைக்க அடித்து, சீனியும் முந்திரித் தூளும் கலந்து, கூம்பாகப் பிழிந்து மெல்லிய சூட்டில் உலர்த்துகிறார்கள். தென்னமெரிக்க நிலக்கடலை, வெல்லப்பாகோடு சேர்ந்து கோவில்பட்டி கடலைமிட்டாய் ஆனது. 2020இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

பழைய அடுக்களையும் முழுக்க அழிந்துவிடவில்லை. பூப்பெய்திய பெண்ணுக்குப் பொங்கித் தரும் உளுந்தஞ்சோற்றில் அரிசி, கறுப்பு உளுந்து, தேங்காய், வெந்தயம், பூண்டு தவிர வேறில்லை. கல்லிடைக்குறிச்சி போன்ற ஆற்றங்கரை அக்கிரகாரங்களில், வழக்கம் தவறாத வீடுகளின் திவசச் சமையல் இன்னும் பழமையானது. அன்று வாழைக்காய், பாகற்காய், அவரைக்காய், சேம்பு என நாட்டுக்காய்கள் மட்டுமே இலையில் விழும். தக்காளியும் உருளைக்கிழங்கும் விலக்கு. குழம்புக்குக் காரம் சேர்ப்பது மிளகு மட்டுமே.