சுட்ட கறியும் இரண்டு முத்திரைகளும்

ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இராஜபாளையத்துக்கும் நடுவே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். இரண்டு ஊரும் ஆளுக்கொரு முத்திரை வாங்கி வைத்திருக்கின்றன. இராஜபாளையம் நாய்க்கு 2005இல் தபால்தலை வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சந்தோஷம்தான். ஆனால் அந்த நாய் காட்டுப்பன்றி வேட்டைக்குப் பழக்கிய நாய். அது மடக்கிக் கொடுத்த பன்றியைச் சுட்டுத் தின்றவர்கள் எங்கே? பால் கொடுத்த மாடு கறவை நின்ற பிறகு எங்கே போகிறது? நாயும் பாலும் ஊர்ப்பெருமை ஆகலாம், கறி ஆகக்கூடாது என்று யார் தீர்மானித்தது?

கறியைத் தீயில் வாட்டித் தின்பது தமிழ்ப் பிரதிகளின் விளிம்பில் கிடக்கிற சங்கதி அல்ல. பொருநராற்றுப்படையில் கரிகாலன் போடும் விருந்தே கம்பியில் கோர்த்துச் சுட்ட கொழுத்த இறைச்சிதான். இரவும் பகலும் தின்றதில், கொல்லையை உழுத கொழு மாதிரிப் பல் மழுங்கிப் போச்சு என்கிறான் பொருநன். புறநானூற்றில் அந்தணரான கபிலர், பூமணக்கும் புகையில் வெந்த ஊனை உண்பது தவிர வேறு வேலை அறியாததால்தான் பாடுவோர் கை மெத்தென்று இருக்கிறது என்று சேரனிடம் சொல்கிறார். அகநானூற்றில் மழவர் கொழுத்த பசுவையே தின்கிறார்கள். நான் எம்.ஏ. படித்த வகுப்பில் இந்த வரிகளுக்குப் பதவுரை உண்டு, பேச்சு கிடையாது. 'ஊன் என்றால் இறைச்சி', அடுத்த பாட்டு.

மசாலைக்கும் சரித்திரம் இருக்கிறது. சங்கத் தமிழில் மிளகுக்குக் 'கறி' என்று பேர். தடவுகிற பொருளின் பேர், பின்னால் தடவப்பட்ட இறைச்சிக்கே ஆகிவிட்டது. மிளகாய் போர்த்துகீசியர் வந்தபிறகு வந்தது. இன்று உப்பும் மஞ்சளும் மிளகாய்த்தூளும் பிசறி, கயிற்றில் கோர்த்து வெயிலில் காயப்போட்டு, தணலில் சுட்டுத் தின்கிற உப்புக்கண்டத்தில் இந்த முழுச் சரித்திரமும் இருக்கிறது. கறி மொத்தமாகக் கிடைக்கிற நாளில் கிடைக்காத நாளுக்கு எடுத்துவைக்கிற அறிவு அது.

எங்கே முறிவு? பெரியபுராணத்தைப் பாருங்கள். திண்ணன் பன்றியைத் தீயில் வாட்டி, ஒவ்வொரு துண்டையும் கடித்துப் பதம் பார்த்து, தேன் பிழிந்து சாமிக்கு வைக்கிறான். சிவகோசரியார் அதை அசுத்தம் என்று கழுவித் தள்ளுகிறார். சாமி திண்ணனின் பக்கம் நிற்கிறார். ஆனால் நம் கோயில் சிற்பங்களிலும் மேடைப் பேச்சுகளிலும் பெரிதாக மிஞ்சியது கண் மட்டுமே. அவன் அன்பை எடுத்துக்கொண்டு அவன் சமையலைக் கழற்றிவிட்டார்கள். வேடன் உள்ளே வரலாம், கறியை வாசலில் வைத்துவிட்டு!

வாசல் இப்போது சட்டத்தில் இருக்கிறது. 1958இன் தமிழ்நாடு விலங்குப் பாதுகாப்புச் சட்டம் வயசாகிப்போன மாட்டைச் சான்றிதழோடு வெட்ட அனுமதித்தது. 1976இல் பசுவை வெட்டத் தடைபோட்டு அரசாணை வந்தது. 2017 மே மாதம் மத்திய அரசு, சந்தையில் வெட்டுக்கு மாடு விற்பதையே தடுக்கும் விதி கொண்டுவந்தது. உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. கறவை நின்ற மாட்டை விற்றால்தான் சம்சாரி அடுத்த கறவை வாங்க முடியும். பால்கோவாவின் பொருளாதாரத்துக்குள் மாட்டுக்கறி உட்கார்ந்திருக்கிறது, பேர் சொல்லாமல்.

1996இல் மெக்டொனால்ட்ஸ் டெல்லியில் கடை திறந்தபோது ஹாம்பர்கரில் மாட்டுக்கறியை விட்டுவிட்டுத்தான் வந்தது. பன்னாட்டு மூலதனத்துக்கே இங்கே சாதி ஆசாரம் தெரிந்திருக்கிறது. இன்று பங்களாத் தோட்டங்களில் கரியடுப்பு வைத்துக் கறி வாட்டுகிறார்கள். அதற்குப் பேர் 'பார்பிக்யூ', நாகரிகம். அதையே சேரியில் செய்தால் 'நாத்தம்'. அதே தீ, அதே உப்பு, அதே புகைதான். புகை யார் வீட்டு முற்றத்திலிருந்து வருகிறது என்பதுதான் ருசியைத் தீர்மானிக்கிறது.

ஆகவே ஒரு சின்னக் கேள்வி. நாளைக்கு இந்தப் பக்கத்துச் சேரியிலிருந்து நாலு பெண்கள், 'எங்க உப்புக்கண்டத்துக்கும் குறியீடு வேணும்' என்று மனு எழுதிக்கொண்டு வந்தால், பால்கோவாவுக்குக் கைதட்டிய நாம் கையெழுத்துப் போடுவோமா?