குத்துச்சண்டைக் கையுறை

குத்துச்சண்டைக் கையுறை என்பது குத்துச்சண்டை வீரர் கைமுட்டியைப் பொதிந்து அணியும், உள்ளே மெத்தைப் பொருள் அடைத்த தோலுறை. எதிராளியின் முகத்தைக் காக்கவே இது தோன்றியது என்று பலரும் எண்ணுகின்றனர். ஆனால் இதன் நெடிய வரலாற்றில் பெரும்பகுதி, அணிந்தவரின் விரலெலும்புகளைக் காத்த வரலாறே.

ஏஜியன் கடலின் தேரா தீவில், அக்ரோத்திரி அகழாய்வில் கிடைத்த சுவரோவியத்தில் இரு சிறுவர்கள் ஒற்றைக் கையில் மட்டும் உறை அணிந்து மோதுகின்றனர். அவ்வூரைப் புதைத்த எரிமலைச் சீற்றத்தின் காலம் பற்றிக் கருத்து வேறுபாடு இருப்பதால், ஓவியத்தைக் கி.மு. 17ஆம் நூற்றாண்டு என்றும் 16ஆம் நூற்றாண்டு என்றும் கூறுவர்.

ஒலிம்பியா விளையாட்டில் குத்துச்சண்டை கி.மு. 688இல் சேர்ந்தது. முதல் வெற்றியாளரான ஸ்மிர்னாவின் ஓனோமாஸ்டோஸே விதிகளையும் வகுத்தார் என்பது மரபு. வீரர்கள் பதனிட்ட மாட்டுத்தோல் வாரை மணிக்கட்டிலும் விரல்களின் அடியிலும் சுற்றிக்கொண்டனர். பன்றித்தோல் வார் ஆற்ற முடியாத காயம் தரும் என்பதால் அதற்குத் தடை இருந்ததாகக் கிரேக்க எழுத்தாளர் ஃபிலோஸ்ட்ராட்டஸ் எழுதுகிறார். கி.மு. 4ஆம் நூற்றாண்டையொட்டி, விளிம்பு தடித்த கடினமான வார் வழக்குக்கு வந்தது. ரோமின் குயிரினால் குன்றில் 1885இல் கிடைத்த, அமர்ந்திருக்கும் வீரனின் வெண்கலச் சிலையில் இவ்வாரின் ஒவ்வொரு மடிப்பையும் காணலாம். முகத்துக் காயங்களும் வழியும் இரத்தமும் செம்பு பதித்துக் காட்டப்பட்டுள்ளன. சிலையின் காலம் முடிவாகவில்லை.

ரோமானியரின் உலோகம் சேர்த்த கைக்கவசம் இலக்கியங்களில் பேசப்படுகிறது. ஆனால் பிரிட்டனின் விண்டோலண்டா கோட்டையில் 2017இல் கிடைத்த, ஏறத்தாழ கி.பி. 120ஐச் சேர்ந்த இரண்டு தோலுறைகளில் உலோகம் இல்லை. அவை பயிற்சிக்குரியவை எனக் கருதப்படுகின்றன. பெரிய உறை குத்துப்படும் விளிம்பில் மிகவும் தேய்ந்து, கிழிந்த இடத்தில் வட்டத் துண்டு வைத்து ஒட்டுப்போடப்பட்டிருக்கிறது. அணிந்தவரின் விரல்மூட்டுப் பதிவும் அழியவில்லை.

அதன்பின் பல நூற்றாண்டுகளுக்கு ஐரோப்பாவில் கையுறை பற்றிய குறிப்புகள் அரிது.

இன்றைய கையுறை இங்கிலாந்தில் பிறந்தது. குத்துச்சண்டை வீரர் ஜாக் பிராட்டன் 1743இல் வெளியிட்ட விதிகள் விழுந்தவரை அடிப்பதையும் இடுப்புக்குக் கீழே பிடிப்பதையும் தடுத்தன. தம்மோடு மோதிய ஒருவரின் சாவே அவரை இதற்குத் தூண்டியது என்று நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருகிறது. அச்சாவின் விவரங்களில் நூல்கள் முரண்படுகின்றன. 1747இல் அவர் தம் பயிற்சிக்கூட விளம்பரத்தில், செல்வர் வீட்டு மாணவர்களின் கண்ணும் தாடையும் மூக்கும் பழுதுபடாதிருக்க மெத்தை உறைகள் தரப்படும் என்று அறிவித்தார். போட்டியிலோ வெறுங்கையே தொடர்ந்தது. மண்டையில் ஓங்கிக் குத்தினால் உடைவது குத்தியவரின் கையே என்பதால், வீரர்கள் அடியை அளந்து விட்டனர். சண்டைகள் மணிக்கணக்கில் நீண்டன. 1838இன் விதிகள் 24 அடிச் சதுரக் களத்துக்குக் கயிறு கட்டின. கையுறையை விதியாக்கியது குயின்ஸ்பெரி விதித்தொகுப்பு. எழுதியவர் ஜான் கிரகாம் சேம்பர்ஸ்; பெயர் தந்தவர் குயின்ஸ்பெரி பிரபு. எழுதிய ஆண்டு 1865 என்போரும் உண்டு, வெளியானது 1867இல். மூன்று நிமிடச் சுற்று, ஒரு நிமிட இடைவேளை, விழுந்தவர் எழப் பத்து விநாடி ஆகியவற்றோடு, கையுறை தரமானதாகவும் புதியதாகவும் இருக்க வேண்டும் என்றும் அது கூறியது. புதியதாக என்ற அந்த ஒரு சொல்லில் அனுபவம் தெரிகிறது: பழகிய உறையில் மெத்தை ஒதுங்கிவிடும்.

ஜான் எல். சல்லிவன் 1889 ஜூலை 8 அன்று மிசிசிப்பியின் ரிச்பர்கில் ஜேக் கில்ரெய்னை 75 சுற்றுகளில் வென்றதே வெறுங்கையில் நடந்த கடைசி ஹெவிவெயிட் பட்டப்போட்டி. 1892 செப்டம்பர் 7 அன்று நியூ ஆர்லியன்ஸில் 5 அவுன்ஸ் கையுறையுடன் இறங்கிய அதே சல்லிவனை, ஜேம்ஸ் கார்பெட் 21ஆம் சுற்றில் வீழ்த்தினார்.

கையுறையால் வெட்டுக்காயமும் விரல்முறிவும் குறைந்தன. கை வலிக்காது என்ற துணிவில் தலைக்கு விழும் அடிகள் கூடின என்றும், மூளைக்கு நேரும் கேடு மிகுந்தது என்றும் மருத்துவர் சிலர் வாதிடுகின்றனர்.



இருபதாம் நூற்றாண்டில் கையுறைக்குள் குதிரைமயிர் இருந்த இடத்தில் பெரும்பாலும் நுரை வந்தது. 1983இல் நியூயார்க்கில் லூயிஸ் ரெஸ்டோ என்ற வீரரின் கையுறைகளிலிருந்து மெத்தை அகற்றப்பட்டிருந்தது போட்டி முடிந்தபின் தெரிந்தது. கண்ணில் கடும் காயமுற்ற அவருடைய எதிராளி பில்லி காலின்ஸ் மறுபடி களமேறவில்லை.

கையுறையைப் போல எல்லாக் காப்புக் கருவிகளும் நிலைத்துவிடவில்லை: ஒலிம்பிக்கில் 1984 முதல் கட்டாயமாயிருந்த தலைக்கவசம், ஆடவர் போட்டிகளில் 2016 ரியோவில் கைவிடப்பட்டது. மகளிர் அதைத் தொடர்ந்து அணிகின்றனர்.