செந்நாயின் தலைக்கு விலை

தேயிலையும் ஏலமும் மலையேறிய விருத்தாந்தத்தைச் சென்ற இதழில் கண்டோம். அவற்றோடு கூடவே துரைமார்களின் தோளில் தொங்கி ஏறிய துப்பாக்கியையும், அத்துப்பாக்கிக்கு ஜன்ம விரோதியாகிப்போன செந்நாயையும் பற்றிச் சொல்லாமல் போடிநாயக்கனூருக்கு மேலே எழும்பி நிற்கும் மலைகளின் சரித்திரம் பூர்த்தியாகாது. சமவெளிப் புதர்க்காடுகளில் கீதாரிகளின் தூக்கத்தைக் கெடுத்த ஓநாய் இந்த ஈரமலைகளுக்கு உரியதன்று; கூட்டமாய் வாழ்ந்து, கூட்டமாய்த் துரத்தி, கூட்டமாய் உண்ணும் அதன் உத்தியோகத்தை இங்கே பார்த்துவருவது செந்நாயே.

நீலகிரியில் 1877-இல் வேட்டைப்பிரியர்கள் கூடி ஒரு சங்கம் கண்டார்கள். 1879-இல் சென்னை மாகாணத்தில் அம்மலைக்கென்று பிறந்த சட்டம், இன்ன பருவத்தில் சுடலாகாது, அனுமதிச் சீட்டில்லாமல் சுடலாகாது என்று வேட்டை விலங்குகளுக்கு ஒரு காப்பளித்தது. அதே சங்கத்தார்தாம் செந்நாயைக் கொன்றுவருவோருக்கு ரொக்கமாகப் பரிசும் கொடுத்தார்கள். இதில் முரண்பாடு ஒன்றுமில்லை. மானைக் காத்தது தாங்கள் சுடுவதற்காக என்று ஆனபிறகு, பங்குக்கு வருகிற செந்நாய் திருடனாகத்தானே தோன்றும்? போடிமெட்டுக்கு அப்பால் மூணாற்றுத் தோட்டக்காரர்களும் 1928-இல் வேட்டையை ஒழுங்குபடுத்த ஒரு சங்கம் அமைத்தார்கள். அவர்கள் வரையாட்டு வேட்டையாடிய இரவிகுளம் 1975-இல் சரணாலயமாகி, 1978-இல் தேசியப் பூங்காவாகிவிட்டது.

பரிசுப்பணம் மலைகளோடும் செந்நாயோடும் நிற்கவில்லை. 1875 முதல் 1925 வரையிலான அரை நூற்றாண்டில் இந்தியாவில் கொல்லப்பட்ட ஓநாய்கள் மட்டும் 2,00,000-க்கு மேல் இருக்கும் என்று வரலாற்றாசிரியர் மகேஷ் ரங்கராஜன் கணக்கிடுகிறார்.

செந்நாயின்மேல் பிறந்த வெறுப்புக்குப் பங்காளிப் பொறாமை மாத்திரமே காரணமென்று சொல்லிவிட முடியாது. புலி கழுத்தைக் கவ்விக் கொல்கிறது. பார்ப்பவனுக்கு அதில் ஒரு ராஜகம்பீரம் தெரிகிறது. பதினைந்து கிலோ எடையுள்ள செந்நாய்க்கு அந்த வல்லமை ஏது? அது ஓடுகிற கடமானின் பின்தொடையையும் வயிற்றையும் கிழித்து, உயிர் பிரியுமுன்னரே தின்னத் தொடங்குகிறது. இக்காட்சியைக் கண்டு மனம் பதைத்தவர்கள், இரை தீர்ந்தபின் அதே செந்நாய் வளைக்குத் திரும்பி, குட்டிகளுக்கும் அவற்றுக்குக் காவலிருந்த துணைக்கும் விழுங்கிய இறைச்சியைக் கக்கிக் கொடுப்பதைக் காணவில்லை போலும்.

அதைக் கண்டு எழுதியவர் நான்குநேரியில் பிறந்து, சிவகாசிக் கல்லூரியில் ஆசிரியராயிருந்த ஏ. ஜே. டி. ஜான்சிங். 1976 முதல் 1978 வரை பந்திப்பூர்க் காட்டில் கால்நடையாகவே செந்நாய்களைப் பின்தொடர்ந்து, புலியும் சிறுத்தையும் செந்நாயும் ஒரே வனத்தில் வெவ்வேறு பருமனுள்ள இரைகளைப் பகிர்ந்துகொண்டு வாழும் ஏற்பாட்டை அவர் விளக்கினார். செந்நாய்கள் கொன்ற மானை, அவற்றை விரட்டிவிட்டுத் தூக்கிப்போகும் மனிதர்களையும் அவர் கண்டார். திருடன் பட்டம் யாருக்குப் பொருந்தும் என்பதை வாசகர்களே நிர்ணயித்துக்கொள்ளட்டும்.

இத்தகைய வேட்டை விலங்கை ஒழித்தால் என்ன நேரும்? அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவில் 1926-க்குள் ஓநாய் ஒழிக்கப்பட்டது. எல்க் மான்கள் பெருகி, இளமரக் கன்றுகளையெல்லாம் மேய்ந்துவிட, 1995-இல் கனடாவிலிருந்து ஓநாயைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். மரங்கள் மீண்டதில் ஓநாயின் பங்கு எவ்வளவு என்று பண்டிதர்கள் இன்னமும் வாதாடுகிறார்கள். நமது மலைகளிலோ செந்நாய் தின்பது கடமான், கேளையாடு, காட்டுப்பன்றி. இவற்றில் பன்றி ஒன்றின் தொல்லையைப் பற்றியாவது தோட்டக்காரர்களுக்கு நான் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை.

1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் செந்நாய் வேட்டையைத் தடுத்தது. 2022-இல் வந்த திருத்தம் செந்நாயை, உச்சப் பாதுகாப்புக்குரிய முதல் அட்டவணைக்கே உயர்த்திற்று. ஆயினும் உலகம் முழுவதிலும் இனவிருத்திக்குரிய பருவத்திலுள்ளவை 949-க்கும் 2,215-க்கும் இடையில்தான் இருக்கும் என்பது 2015-இல் செய்த மதிப்பீடு. இப்போது துப்பாக்கியைவிட அஞ்சத்தக்கவை வெறிநோயும், டிஸ்டெம்பர் என்னும் நாய்த்தொற்றுநோயும்; இவற்றைக் காட்டுக்குள் கொண்டுசேர்ப்பவை, தடுப்பூசி போடாமல் குடியிருப்புகளைச் சுற்றித் திரியும் நாட்டு நாய்கள்.