செங்கல் கோதிக் கட்டிடக்கலை

செங்கல் கோதிக் கட்டிடக்கலை என்பது வட ஐரோப்பாவில், குறிப்பாகப் பால்டிக் கடலை ஒட்டிய நிலப்பகுதிகளில், 13ஆம் நூற்றாண்டு முதல் 16ஆம் நூற்றாண்டு வரை வழக்கில் இருந்த ஒரு வட்டாரக் கட்டிடப் பாணி ஆகும். பிரான்சில் சுண்ணக்கல்லில் உருவான கோதிக் பாணியைச் சுட்ட செங்கல்லுக்கு ஏற்றவாறு மாற்றியமைத்ததே இதன் சிறப்பு. இன்றைய வட செருமனி, போலந்து ஆகிய நாடுகளில் இப்பாணிக் கட்டிடங்கள் மிகுதியாக உள்ளன. டென்மார்க், சுவீடன், பின்லாந்து, பால்டிக் நாடுகள் ஆகியவற்றிலும் இவற்றைக் காணலாம்.

தோற்றத்திற்கான காரணங்கள்

பனியூழிக் காலத்தில் வட ஐரோப்பியச் சமவெளியைப் பனியாறுகள் மூடியிருந்தன. அவை உருகிப் பின்வாங்கியபோது மணலையும் களிமண்ணையும் உருண்டைப் பாறைகளையும் விட்டுச் சென்றன. அப்பாறைகள் மிகக் கடினமானவை. அடித்தளத்துக்கும் சிற்றூர்க் கோயில்களின் சுவருக்கும் அவை பயன்பட்டன. ஆனால் நுண்ணிய வேலைப்பாட்டுக்கு உதவவில்லை. செதுக்கத்தக்க நல்ல கல் வேண்டுமெனில் தொலைவிலிருந்து கப்பலில் கொண்டுவர வேண்டும். களிமண்ணும் சூளைக்கான விறகும் அருகிலேயே கிடைத்தன.

12ஆம் நூற்றாண்டில் செங்கல் கட்டுமான நுட்பம் இப்பகுதிக்கு வந்தது. இது வட இத்தாலியிலிருந்து பரவியது என்பது பரவலான கருத்து. செருமனியின் யெரிகோ மடாலயக் கோயிலும் டென்மார்க்கின் ரிங்ஸ்டெட் கோயிலும் தொடக்ககாலச் செங்கல் கட்டிடங்களுள் அடங்கும். இவை கோதிக்குக்கு முந்தைய ரோமனெசுக் பாணியைச் சேர்ந்தவை. ஆகவே, கோதிக் பாணி வந்து சேர்ந்தபோது செங்கல் வேலையில் தேர்ந்த கொத்தர்கள் அங்கு ஏற்கெனவே இருந்தனர்.

கட்டுமான முறை

இக்காலச் செங்கற்கள் இன்றையவற்றைவிடப் பெரியவை. பல இடங்களில் அவை ஏறத்தாழ 28 செ.மீ. நீளமும் 15 செ.மீ. அகலமும் 9 செ.மீ. உயரமும் கொண்டிருந்தன. ஒரு வரிசையில் நீளவாட்டில் இரண்டு கல், அகலவாட்டில் ஒரு கல் என அடுக்கும் முறை பரவலாக இருந்தது.

சுட்ட செங்கல்லில் சிற்பம் செதுக்குவது எளிதன்று. எனவே பிரெஞ்சுப் பேராலயங்களின் வாயில்களில் நிறைந்திருக்கும் கற்சிலைகள் இங்கு அரிது. அதற்கு ஈடாகக் கொத்தர்கள் வேறு வழிகளைக் கையாண்டனர். களிமண் ஈரமாக இருக்கும்போதே அச்சில் வார்த்து, வளைவுகளுக்கும் தூண்களுக்கும் உரிய வடிவச் செங்கற்களைச் செய்தனர். கருப்பு, பச்சை நிறங்களில் மெருகூட்டிய செங்கற்களைச் சிவப்புச் செங்கற்களோடு மாற்றி மாற்றி வைத்து அணி செய்தனர். சுவரில் ஆழமற்ற மாடங்களை அமைத்து உட்புறம் வெள்ளைச் சாந்து பூசினர். பிரென்சுலாவு நகரின் மரியாள் கோயிலிலும் ஸ்ட்ரால்சுண்ட் நகர மன்றத்திலும் உள்ள உயர்ந்த முகப்புச் சுவர்கள் இவ்வேலைப்பாட்டுக்குப் புகழ்பெற்றவை.

லூபெக் மரியாள் கோயில்

லூபெக் நகரின் மரியாள் கோயில் இப்பாணியின் முன்மாதிரியாகக் கருதப்படுகிறது. 1226இல் லூபெக் பேரரசரின் நேரடி ஆளுகைக்கு உட்பட்ட தன்னுரிமை நகரமானது. ஹன்சியாட்டிக் வணிகக் கூட்டமைப்பின் தலைமை நகராகவும் அது வளர்ந்தது. ஆயரின் பேராலயத்துக்கு 1173இல் சாக்சனி கோமகன் சிங்க என்றி அடிக்கல் நாட்டியிருந்தார். அப்பேராலயம் நகரின் தென்முனையில் இருந்தது. நகர மன்றத்தினரும் வணிகர்களும் தங்கள் கோயிலைச் சந்தைக்கு அருகில், நகரின் மேட்டுப்பகுதியில், அதைவிடப் பெரிதாக எழுப்பினர். ஆயரின் அதிகாரத்துக்கு எதிரே குடிமக்களின் செல்வாக்கை அக்கட்டிடம் வெளிப்படுத்தியது.

ஏறத்தாழ 1250க்கும் 1350க்கும் இடையே இக்கோயில் தற்போதைய வடிவத்தைப் பெற்றது. பிரெஞ்சுப் பேராலயங்களில் காணப்படும் உயர்ந்த நடுக்கூடமும், சுவரை வெளியிலிருந்து தாங்கும் வளைவு உதைகால்களும் இங்கு செங்கல்லில் அமைந்தன. நடுக்கூடத்தின் வளைவுக்கூரை 38.5 மீட்டர் உயரமுடையது. செங்கல் வளைவுக்கூரைகளில் உலகிலேயே உயரமானது இதுவே. இரட்டைக் கோபுரங்கள் ஏறத்தாழ 125 மீட்டர் உயரம் கொண்டவை.

பரவல்

லூபெக்கின் வணிகத் தொடர்புகளோடு அதன் கட்டிட வடிவமும் பரவியது. விஸ்மார், ஸ்ட்ரால்சுண்ட் முதலிய துறைமுக நகரங்கள் தத்தம் கோயில்களை இதை ஒட்டி அமைத்தன. ஸ்ட்ரால்சுண்ட் மரியாள் கோயிலின் கூர்முனைக் கோபுரம் 151 மீட்டர் உயர்ந்து, 17ஆம் நூற்றாண்டில் உலகின் மிக உயரமான கட்டிடமாக விளங்கியது. 1647இல் மின்னல் தாக்கி அது எரிந்தது.

போலந்தின் கதான்ஸ்க் நகர மரியாள் கோயில் 1343இல் தொடங்கி 1502இல் முடிந்தது. 105.5 மீட்டர் நீளமுள்ள இது உலகின் மிகப்பெரிய செங்கல் கோயில்களுள் ஒன்று. நடுக்கூடமும் பக்கக்கூடங்களும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருப்பதால் உட்புறம் ஒரே பெருமண்டபமாகத் தோன்றும். டியூட்டானிக் வீரத்துறவிகள் எழுப்பிய மால்போர்க் கோட்டை, இப்பாணி கோயில்களோடு நின்றுவிடவில்லை என்பதைக் காட்டுகிறது.

அழிவும் மீட்பும்

1942 மார்ச் 28-29 இரவில் பிரித்தானிய வான்படை லூபெக்கைக் குண்டுவீசித் தாக்கியது. மரியாள் கோயிலின் கூரையும் கோபுர முனைகளும் எரிந்தன. தென்கோபுரத்திலிருந்து விழுந்து உடைந்த மணிகள், விழுந்த இடத்திலேயே போர் நினைவாக இன்றும் வைக்கப்பட்டுள்ளன.

தீயின் வெப்பத்தில் வெள்ளைப்பூச்சு உதிர்ந்து, அதன் அடியில் மறைந்திருந்த இடைக்கால ஓவியங்கள் வெளிப்பட்டன. அவற்றைச் சீரமைக்கும் பணியில் ஈடுபட்ட ஓவியர் லோதர் மால்ஸ்காட், பலிபீடப் பகுதியின் மேற்சுவரில் உள்ளவை தாமே புதிதாக வரைந்தவை என 1952இல் வெளிப்படுத்தினார். அதற்கு முந்தைய ஆண்டில்தான் அவை அரிய கண்டுபிடிப்பாகக் கொண்டாடப்பட்டிருந்தன. வழக்கு விசாரணைக்குப் பின் அவருக்குச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

விஸ்மார் மரியாள் கோயிலும் போரில் சேதமடைந்தது. அதன் கூடப்பகுதியைக் கிழக்கு செருமனி ஆட்சியாளர்கள் 1960இல் வெடிவைத்துத் தகர்த்தனர். கோபுரம் மட்டும் தனித்து நிற்கிறது. அதே நகரின் பாழடைந்த புனித ஜார்ஜ் கோயிலோ செருமானிய இணைப்புக்குப் பின் மீட்டெடுக்கப்பட்டது.

லூபெக் பழைய நகரம் 1987இலும், மால்போர்க் கோட்டை 1997இலும், ஸ்ட்ரால்சுண்ட், விஸ்மார் நகர மையங்கள் 2002இலும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் களங்களாக அறிவிக்கப்பட்டன.