செங்கற்பட்டு – மாமல்லபுரம் கரையோரத்தின் புவித்தகைவு வரலாறு

பாறையின் ஓரலகுப் பரப்பில் செயல்படும் விசையே தகைவு. செங்கற்பட்டு, மாமல்லபுரம் கரையோரத்தில் அதன் திசையும் தன்மையும் யுகந்தோறும் மாறியுள்ளன: முதலில் நெருக்கம், பின்பு இழுப்பு, இன்று மீண்டும் நெருக்கம்.

இக்கரையோரத்துக்கு அருகிலுள்ள பல்லாவரம் குன்றுகளின் சார்னோகைட் பாறைக்கு 1893இல் தாமஸ் ஹாலந்து அப்பெயரை இட்டார். ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன் 20 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிய பாறை அது. அன்றைய நெருக்கத்தில் கனிமங்கள் வரிவரியாக அடுக்கப்பட்டன. அவ்வரிகள் பெரும்பாலும் வடகிழக்கு–தென்மேற்காக ஓடுகின்றன. பின்னால் வந்த பல மாற்றங்களுக்கு வழிகாட்டியது இந்தப் பழைய வரியமைப்புதான்.

மேலிருந்த பாறை அரிக்கப்பட்டு நீங்க நீங்க, செங்குத்துச் சுமை குறைந்தது. பக்கவாட்டுத் தகைவு மட்டும் எஞ்சியது. அதனால் பாறை தரைக்கு இணையாகத் தகடு தகடாகப் பிளந்தது. மாமல்லபுரத்துக் குன்றுகளின் வளைந்த முதுகுகளில் இத்தகைய பிளவுகளைக் காணலாம். வெண்ணெய் உருண்டைப் பாறை போன்ற உருண்ட கற்களும் மூட்டுப் பிளவுகளின் வழியே நீர் புகுந்து விளிம்புகள் சிதைந்ததால் உருவானவையே. ஏழாம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பிகள் உளி வைத்த பாறை, அப்போதே பலமுறை விசை தாங்கி விரிசல் கண்ட பாறை. சிற்பங்களைப் பார்க்கச் செல்வோர் அந்தப் பிளவுகளையும் நின்று பார்க்க வேண்டும்.

ஏறத்தாழ 13 கோடி ஆண்டுகளுக்கு முன் கோண்டுவானா என்ற பெருங்கண்டம் உடைந்து, இந்தியாவின் கிழக்குக் கரை அண்டார்க்டிகாவிலிருந்து விலகியது. பழைய வரிகளை ஒட்டியே நிலம் இறங்க, பாலாற்றுப் படுகையும் தெற்கே காவிரிப் படுகையும் பிறந்தன. ஸ்ரீபெரும்புதூர்ப் படிவுகளில் இலைப் புதைபடிவங்களோடு கடல் உயிரிகளும் கிடைப்பது, கடல் உள்ளே புகுந்ததற்குச் சான்று.

சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியத் தட்டு ஆசியாவில் மோதியபின் மீண்டும் நெருக்கம் தொடங்கியது. இந்தியப் பெருங்கடல் முகடுகள் தெற்கிலிருந்து தள்ள, இமயம் வடக்கில் எதிர்க்கிறது. தென் தீபகற்பத்தில் இன்றைய பெருந்தகைவு ஏறத்தாழ வடக்கு–தெற்காகவும், சில இடங்களில் வடமேற்காகவும் அமைகிறது. இந்த நெருக்கத்தால் இலங்கைக்குத் தெற்கே கடலடி ஓடே மடிந்து கிடக்கிறது. இழுப்பில் பிறந்த பழைய பிளவுகள் இன்று இந்த நெருக்கத்தைத் தாங்குகின்றன. 2001 செப்டம்பர் 25இல் புதுச்சேரிக்கு அப்பால் கடலில் 5.5 அளவிலான நிலநடுக்கம் ஏற்பட்டு, சென்னைவரை உணரப்பட்டது. 2002இல் திருத்தப்பட்ட இந்திய நிலநடுக்க வரைபடம் சென்னையை இரண்டாம் மண்டலத்திலிருந்து ஆபத்து கூடிய மூன்றாம் மண்டலத்துக்கு மாற்றியது.