பணி முடித்தோர் பட்டம்

பெங்களூரில் வாழும் தமிழர்களாகிய நாம் 'எமெரிட்டஸ் புரொபசர்' என்னும் பட்டத்தைப் பலமுறை கேட்டிருப்போம். 1909-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற இந்திய அறிவியல் கழகம் முதலிய கல்விக்கூடங்களில், ஓய்வுபெற்ற பேராசிரியர் சிலர் இப்பட்டம் தாங்குகின்றனர். ஓய்வுபெற்றவர் என்பதே இதன் பொருள் என எண்ணுவோர் பலர். சொல்லின் வரலாறோ அதனினும் மிகுதியாகக் கூறுகின்றது.

இச்சொல் பிறந்த இடம் கல்விச்சாலையன்று, உரோமானியரின் பாசறை. இலத்தீன் மொழியில் 'மெரேரெ' என்றால் ஈட்டுதல். 'எ' என்னும் முன்னொட்டுச் சேர, முற்ற ஈட்டுதல், பணிக்காலத்தை நிறைவேற்றுதல் எனப் பொருள் விரியும். அவ்வினையின் இறந்தகால எச்சமே 'எமெரிட்டஸ்'. கி.பி. 5-இல் அகஸ்டஸ் பேரரசர், இருபது ஆண்டுகள் பணிபுரிந்த படைவீரருக்கு 12,000 செஸ்டர்ஸ் நாணயம் என வரையறுத்தார். அதற்கு முன்பே, கி.மு. 25-இல், பணி முடித்த வீரருக்கென ஸ்பெயினில் ஒரு நகர் எழுந்தது. அதன் பெயர் 'எமெரிட்டா அகஸ்டா'; இன்றைய மெரிடா அதுவே.

வீரன் 'எமெரிட்டஸ்' ஆக, நகர் 'எமெரிட்டா' ஆனது ஏன்? இலத்தீனில் பெயரடையாக நிற்கும் எச்சம், தான் தழுவும் பெயரின் பாலையும் எண்ணையும் ஏற்று ஈறு திரியும். குடியேற்ற நகரைக் குறிக்கும் சொல் அங்கே பெண்பால். வீரர் பலராயின் 'எமெரிட்டி'. பேராசிரியை ஒருவரை 'எமெரிட்டா' எனச் சிலர் எழுதுவதும் இவ்விலக்கணம் பற்றியே. நம் பெயரெச்சமோ திரிவதில்லை. ஓய்வுபெற்ற ஆசிரியர், ஓய்வுபெற்ற ஆசிரியை, ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் என எங்கும் ஒரே வடிவாய் நிற்கும்.

இப்பட்டத்திற்குத் தமிழில் வழங்கும் பெயர் 'தகைசால் பேராசிரியர்'. சால் என்பது நிறைதலைக் குறிக்கும் வினை. 'ஊறுகாய்' என்பதைப் போல இதுவும் வினைத்தொகை. சான்ற, சால்கின்ற, சாலும் என முக்காலமும் இதனுள் மறைந்து நிற்கின்றன. இலத்தீன் எச்சம் முடிந்துபோன பணியைச் சுட்ட, தமிழ்த்தொகை முடியாத தகுதியைச் சுட்டுகின்றது.

நேயர்களே! பெங்களூர்க் கண்டோன்மெண்டு 1809-இல் அமைந்தபின், படையோடும் வாணிகத்தோடும் தமிழ்க் குடும்பங்கள் பல இங்கு வந்து வேரூன்றின. பென்ஷன்காரர் நகரம் என்றும் இவ்வூர் பெயர் பெற்றது. படையிலும் பட்டறையிலும் பள்ளியிலும் உழைத்து ஓய்ந்த முதியோர் இன்றும் நம் இல்லந்தோறும் உளர். பட்டம் எவரும் அவர்க்கு வழங்கியிலர். எனினும், ஓய்வு அவர்கள் பெற்ற சலுகையன்று, முற்ற ஈட்டிய உரிமை என்பதை அப்பழஞ்சொல் நமக்கு உணர்த்துகின்றது. ஈட்டிய தகுதி இறந்தகாலத்தோடு ஒழிவதன்று என்பதை நம் தாய்மொழி உணர்த்துகின்றது.