வெண்கல வாள் வார்த்தல்

வெண்கல வாள் வார்த்தல் என்பது செம்பையும் வெள்ளீயத்தையும் சேர்த்து உருக்கிய கலவையை அச்சில் ஊற்றி வாளலகு செய்து, பின்னர் அதன் விளிம்பைச் சுத்தியலால் அடித்துக் கடினமாக்கும் தொழில்நுட்பம் ஆகும். இரும்பு பரவுவதற்கு முன்னர் ஐரோப்பா, மேற்கு ஆசியா, சீனா ஆகிய பகுதிகளில் போர்வாள்கள் இவ்வாறே செய்யப்பட்டன. தற்காலத்தில் தொல்லியலாளர்கள் பண்டைய முறைகளைச் சோதித்தறியவும், ஆர்வலர்கள் பொழுதுபோக்காகவும் இதனைச் செய்கின்றனர். எஃகு வாளைப் போலவே வெண்கல வாளையும் செந்தணலில் காய்ச்சி நீரில் தோய்த்தால் கடினமாகும் என்னும் கருத்து தொடக்கநிலையினரிடம் பரவலாகக் காணப்படுகின்றது. இக்கருத்து தவறானது. இதற்கான காரணம் கீழே விளக்கப்பட்டுள்ளது.

தமிழகப் பின்னணி

விழுப்புரம் மாவட்டத்திலுள்ள செஞ்சிக் கோட்டை பல போர்களைக் கண்டது. 1677 இல் சிவாஜியும், 1698 இல் முகலாயரும் அதனைக் கைப்பற்றினர். தேசிங்கு ராஜன் 1714 இல் ஆற்காட்டு நவாபின் படையுடன் போரிட்டு மாண்டார். இப்போர்களில் பயன்பட்ட வாள்கள் எஃகினால் ஆனவை. முன்னாள் தென்னார்க்காடு மாவட்டத்தின் மேல்சிறுவளூரில் மூசையில் எஃகு உருக்கியதற்கான கழிவுகளை ஆய்வாளர் சாரதா சீனிவாசன் கண்டறிந்து, 1990களில் வெளியிட்டார். செஞ்சியும் அதே மாவட்டத்தில் அடங்கியிருந்த ஊரே. ஆகவே செஞ்சி வீரர்களின் கையில் வெண்கல வாளைக் கற்பனை செய்வது வரலாற்றுக்குப் பொருந்தாது.

இன்னும் பின்னோக்கிச் சென்றாலும் நிலை பெரிதும் மாறுவதில்லை. ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ 1899 முதல் 1905 வரை நடத்திய அகழாய்வுகளில் வாள், ஈட்டி முதலிய கருவிகள் இரும்பினாலும், கிண்ணங்களும் விலங்குருவம் தாங்கிய மூடிகளும் வெண்கலத்தினாலும் கிடைத்தன. ஆயுதத்துக்கு இரும்பு, அழகிய கலங்களுக்கு வெண்கலம் என்ற பிரிவினை அப்போதே தெளிவாக இருந்தது எனலாம். இந்தியாவில் இரும்புக்கு முற்பட்ட வாள்கள் வேறிடங்களில் கிடைத்துள்ளன. கர்நாடகத்தின் கல்லூர், உத்தரப் பிரதேசத்தின் சினௌலி (2018) ஆகிய இடங்களில் கிடைத்த, கைப்பிடி நுனி பூச்சியின் உணர்கொம்பு போல இரண்டாகப் பிரியும் வாள்கள் அவற்றுள் குறிப்பிடத்தக்கவை. ஆயினும் இவை பெரும்பாலும் செம்பினால் ஆனவை.

வாள் மரபு இல்லாவிடினும் வெண்கலத்தின் இயல்பை அறிந்த மரபு தமிழகத்தில் அறுபடவில்லை. கும்பகோணத்தை அடுத்த சுவாமிமலையில் சிற்பிகள் இன்றும் மெழுகு வார்ப்பு முறையில் படிமங்கள் செய்கின்றனர். வாள் வார்க்க முனைபவர் முதலில் காணவேண்டிய இடம் அதுவே.

கலவை

வாளுக்கு ஏற்ற வெண்கலத்தில் நூற்றுக்கு 8 முதல் 12 பங்கு வெள்ளீயம் இருக்கும், எஞ்சியது செம்பு. வெள்ளீயம் குறைந்தால் அலகு எளிதில் வளையும்; கூடினால் நொறுங்கும். பத்துப் பங்கு கலந்த உலோகம் பொன்னிறமாகத் தோன்றும். இருபது பங்குக்கு மேல் சென்றால் நிறம் வெளிறத் தொடங்கும். வெண்கலம் என்னும் சொல்லைப் பிரித்தால் வெண்மையான கலம் என்று பொருள்படுவது இங்கு நினைவுகூரத் தக்கது. கேரளத்தின் ஆறன்முளைக் கண்ணாடியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வெள்ளீயம் உள்ளது. அது முகம் பார்க்கும் அளவுக்கு மெருகேறும், ஆனால் கீழே விழுந்தால் உடைந்துவிடும்.

தேவையான அளவைக் கணக்கிடுவது எளிது. 45 செ.மீ. நீளம், 3.5 செ.மீ. அகலம், சராசரியாக அரை செ.மீ. தடிப்பு உள்ள அலகின் கன அளவு ஏறத்தாழ 79 கன செ.மீ. ஆகும். வெண்கலத்தின் அடர்த்தி 8.8 என்பதால் எடை 700 கிராம் அளவில் வரும். ஊற்றுவாயிலும் காற்றுத் துளைகளிலும் தங்கும் உலோகத்தையும் சேர்த்து இதைப்போல் இரு மடங்கு உருக்குதல் வழக்கம். அதாவது 1,350 கிராம் செம்புக்கு 150 கிராம் வெள்ளீயம். பழைய பித்தளைப் பாத்திரங்களைச் சேர்ப்பது நன்றன்று. பித்தளையிலுள்ள துத்தநாகம் 907 பாகை செல்சியஸில் கொதித்து வெண்புகையாக எழும். அதனைச் சுவாசித்தவருக்குச் சில மணி நேரத்தில் குளிர்காய்ச்சல் வரக்கூடும். காரீயம் கலந்த உலோகமும் தவிர்க்கத்தக்கது.

அச்சு

பண்டைக்காலத்தில் கல், களிமண், வெண்கலம் ஆகியவற்றால் ஆன இருபாதி அச்சுகள் பயன்பட்டன. கல்லச்சுக்கு மாக்கல் உகந்தது. கல்சட்டி செய்யப்படும் இக்கல்லைக் கத்தியால் செதுக்கலாம், வெப்பத்தையும் தாங்கும். மெழுகு முறையில் தேன்மெழுகுடன் குங்கிலியம் சேர்த்து வாளின் உருவைச் செய்து, அதன்மேல் மெல்லிய வண்டல் மண்ணை முதலிலும் தடித்த மண்ணைப் பின்னரும் பூசி, கம்பி கட்டி உலர்த்துவர். பின்னர் அச்சைச் சுட்டு மெழுகை வெளியேற்றி, சூடாக இருக்கும்போதே உலோகத்தை ஊற்றுவர். நுண்ணிய வேலைப்பாடு இல்லாத நேரான அலகுக்கு இவ்வளவு உழைப்புத் தேவையில்லை; எண்ணெய் கலந்த மணலால் ஆன பெட்டி அச்சே தொடக்கநிலையினருக்குப் போதும். வெண்கலம் குளிரும்போது நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்றரைப் பங்கு சுருங்கும் என்பதால் மாதிரியை அதற்கேற்ப நீட்டிச் செய்தல் வேண்டும்.

அச்சில் ஈரம் இருப்பதே இத்தொழிலின் முதன்மையான ஆபத்து. நீர் ஆவியாகும்போது அதன் கன அளவு 1,700 மடங்கு அளவுக்குப் பெருகும். மண்ணச்சுக்குள் சிறிதளவு நீர் தங்கியிருந்தாலும் உருகிய உலோகம் ஊற்றுபவரின் முகத்தை நோக்கித் தெறிக்கும். செஞ்சி போன்ற வடகிழக்குப் பருவமழைப் பகுதிகளில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் களிமண் அச்சு எளிதில் உலராது. கோடையில் செய்வதே அறிவுடைமை. சிமெந்துத் தரையின்மீது உலோகம் சிந்தினாலும் தரையிலுள்ள ஈரத்தால் சில்லுகள் வெடித்துப் பறக்கும். ஆகவே உலையைச் சுற்றி உலர்ந்த மணலைப் பரப்புவர். தோல் கையுறை, முகக் கவசம், பருத்தி உடை, தோல் காலணி ஆகியன இன்றியமையாதவை. செயற்கை இழை ஆடைகள் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும்.

உருக்கலும் ஊற்றலும்

செம்பு 1,085 பாகையில் உருகும். வெள்ளீயம் 232 பாகையிலேயே உருகிவிடும். இவ்விரண்டையும் ஒன்றாக மூசையில் இடக்கூடாது. முதலில் செம்பை உருக்கி, காற்றுப் படாதவாறு மேலே மரக்கரித் தூள் தூவி, ஊற்றுவதற்குச் சற்று முன்னர் வெள்ளீயத்தைச் சேர்த்துக் கிளறவேண்டும். இல்லாவிடில் வெள்ளீயத்தில் ஒரு பகுதி ஆக்சைடாகிக் கசடுடன் போய்விடும். கிளறும் கோலும், சேர்க்கும் உலோகத் துண்டுகளும் முன்கூட்டியே சூடாக்கப்பட்டிருத்தல் வேண்டும்.

கலவை 1,100 முதல் 1,150 பாகை வரை இருக்கும்போது கசடை ஒதுக்கி, நிமிர்த்தி வைத்த சூடான அச்சில் ஒரே தாரையாக ஊற்றுவர். தயங்கி நிறுத்தி ஊற்றினால் முன்னர் விழுந்த உலோகம் உறைந்து, அலகின் நடுவில் மெல்லிய பிளவுக்கோடு உண்டாகும். வாள் நீண்டதும் மெல்லியதுமாக இருப்பதால் இக்குறை சிலைகளைவிட வாள்களில் அதிகம். அளவுக்கு மீறிய வெப்பமும் தீங்கானது. மிகச் சூடான உலோகம் வளிமத்தை உறிஞ்சி, குளிரும்போது நுண்துளைகளாக விட்டுச்செல்லும். துளையுள்ள அலகைப் பூசி மறைப்பதைவிட மீண்டும் உருக்குவதே மேல். வெண்கலத்தில் எதுவும் வீணாவதில்லை.

கடினமாக்கல்

எஃகைச் செந்தணலில் காய்ச்சி நீரில் தோய்த்தால் அதன் உள்ளமைப்பு மாறிக் கடினமும் நொறுங்குதன்மையும் பெறும். பத்துப் பங்கு வெள்ளீயம் கொண்ட வெண்கலத்தில் அத்தகைய மாற்றம் நிகழ்வதில்லை. அதனைக் காய்ச்சினால் மென்மையாகும். நீரில் தோய்த்தாலும் காற்றில் ஆறவிட்டாலும் மென்மையாகவே இருக்கும். இவ்வுலோகம் கடினமாவது குளிர்ந்த நிலையில் அடிப்பதனால் மட்டுமே.

வார்த்த அலகை உடனே அடித்தலும் கூடாது. வார்ப்பு உறையும்போது வெள்ளீயம் சீராகப் பரவாமல், நொறுங்கும் தன்மையுள்ள துணுக்குகளாக ஆங்காங்கே தங்கும். ஆகவே அலகை இருட்டில் மங்கிய சிவப்பாகத் தோன்றும் 650 பாகை அளவில் ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ வைத்திருந்தால் அத்துணுக்குகள் கரைந்து உலோகம் சீராகும். அதன் பின்னர் பட்டடையில் வைத்து விளிம்பை மட்டும் இருபுறமும் சிறு அடிகளாக அடித்து மெல்லியதாக்குவர். நடுப்பகுதி அடிபடாமல் இருப்பதால் வாள் அதிர்ச்சியைத் தாங்கும். அடிக்கும்போது ஒலி மாறினாலோ மயிரிழைப் பிளவு தோன்றினாலோ நிறுத்தி, மீண்டும் காய்ச்சி மென்மையாக்கித் தொடரவேண்டும். கடைசிச் சுற்று அடித்தலுக்குப் பின் காய்ச்சக்கூடாது. காய்ச்சினால் அதுவரை செய்த உழைப்பு கரைந்துவிடும். இறுதியில் கல்லில் தீட்டுவர்.

வார்த்த நிலையில் ஏறத்தாழ 100 விக்கர்ஸ் அளவுள்ள கடினம், அடித்தபின் விளிம்பில் 200 ஐயும் எட்டுவதுண்டு. இது மென்மையான தேனிரும்பைவிட அதிகம். இரும்பு வெண்கலத்தை வென்றது கடினத்தினால் மட்டுமன்று. இரும்புத் தாது பல இடங்களில் கிடைத்ததும், வெள்ளீயம் அரிதாக இருந்ததும் காரணங்களாகும். நன்கு தோய்த்த எஃகு 500 விக்கர்ஸுக்கு மேல் செல்லும் என்பதால் அதனுடன் வெண்கலம் போட்டியிட முடியாது.

தோய்த்தல் வெண்கலத்துக்கு முற்றிலும் பயனற்றது எனவும் கொள்ளக்கூடாது. நூற்றுக்கு 22 முதல் 24 பங்கு வெள்ளீயம் உள்ள வெண்கலத்தைச் செந்தணலில் வைத்தே அடித்து உருவாக்கி, ஏறத்தாழ 600 பாகைக்கு மேலிருந்து நீரில் தோய்த்தால் நொறுங்கும் படிகங்கள் உருவாகாமல் தடுக்கப்படும். மெல்ல ஆறவிட்டால் அதே கிண்ணம் கண்ணாடிபோல் உடையும். எஃகில் நொறுங்குதன்மையைக் கூட்டும் தோய்த்தல் இங்கு அதனைக் குறைக்கின்றது. ஆதிச்சநல்லூர், நீலகிரி ஆகிய இடங்களின் மெல்லிய கிண்ணங்கள் சில இவ்வகையைச் சேர்ந்தவை எனச் சாரதா சீனிவாசனின் ஆய்வுகள் காட்டியுள்ளன.

சட்டமும் தொல்பொருளும்

முதல் முயற்சிக்கு வாளைவிட 20 செ.மீ. அலகுள்ள குறுவாளே ஏற்றது. அதற்குக் குறைந்த அளவு உலோகமே போதும். நீளத்தைக் குறைப்பதற்குச் சட்டமும் ஒரு காரணம். இந்தியாவின் ஆயுதச் சட்டம் (1959), அதன்கீழ் 2016 இல் வெளியான விதிகள் ஆகியன 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கூரிய அலகுகளை ஆயுதங்களில் சேர்க்கின்றன. அதனினும் பெரிய வாள் வார்க்க விரும்புவோர் முன்னதாக மாவட்ட நிர்வாகத்திடம் கேட்டறிதல் வேண்டும்.

மூலப்பொருளாகப் பழைய மணி, விளக்கு, கிண்ணம் முதலியவற்றை உருக்குவது வேறொரு சிக்கல். அவற்றின் கலவை எடைபோட்டு அறியத்தக்கதன்று. நூறாண்டுக்கு மேற்பட்ட பொருள்கள் 1972 ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்துக்கு உட்பட்டவை. செஞ்சிக் கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. 2025 இல் மராட்டியப் படைத்தளங்களுள் ஒன்றாக யுனெசுக்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் இடம்பெற்றது. அங்கு மண்ணில் கிடக்கும் உலோகத் துண்டு சிறிதாயினும் எடுக்கத்தக்கதன்று. எந்த ஆழத்தில், எதனுடன் கிடந்தது என்ற விவரம் இடம் பெயர்த்தவுடன் அழிந்துபோகும். மூசையிலிட்டால் கலவையின் சான்றும் அழியும்.